அம்மா கேட்ட ஒரு திரி

புனித அகுஸ்தினார் கல்லறையில் ஒரு மெழுகுதிரி. அம்மாவின் நேர்ச்சை அவ்வளவுதான். அவள் கண் மூடிப் பதினோரு மாதம் கழித்துத்தான் என்னால் அதைச் செலுத்த முடிந்தது.

நான் குடியை விட வேண்டும் என்று, வழிதவறிய மகன் அகுஸ்தினாருக்காகக் கண்ணீர் விட்டு மன்றாடிய புனித மோனிக்கம்மாளிடம் ஒன்பது வருடம் அழுதவள் அவள். விட்டதும் சொன்னாள்: "உன் கப்பல் அந்தப் பக்கம் போச்சுன்னா, அவுக மகன் கல்லறையில ஒரு திரி ஏத்திட்டு வாய்யா."

போன ஜூலையில் ஜெனோவா துறைமுகத்தில் வேலை முடிந்து இறங்கினேன். ஊருக்கு விமானம் மிலானிலிருந்து. நடுவில் ஒரு பகல் கையில் இருந்தது. அந்தப் பகலை மோனிக்கம்மாள்தான் எனக்குக் கொடுத்தார் என்று நம்புகிறேன்.

காலையில் மிலான் பேராலயம். வாசல் சதுக்கத்தில் ஒருவன் கேட்காமலே என் மணிக்கட்டில் கலர் நூலைக் கட்டிவிட்டுக் காசு கேட்டான். இன்னொருவன் புறாவுக்குப் போடச் சொல்லிச் சோளத்தைக் கையில் திணித்தான். கையில் செபமாலையோடு நிற்பவனையாவது விடக்கூடாதா? உள்ளே போக நீண்ட வரிசை. படம் பிடிக்கிற கூட்டத்தில் முழங்கால் போடக்கூட இடமில்லை. ஆனால் தரைக்குக் கீழே இறங்கியதும் சத்தம் அடங்கிவிட்டது. எண்கோண வடிவில் பழைய ஞானஸ்நானத் தொட்டி. 387ஆம் ஆண்டு பாஸ்கா இரவில் ஆயர் அம்புரோஸ் அகுஸ்தினாருக்கும் அவருடைய மகனுக்கும் ஞானஸ்நானம் கொடுத்த இடம். இப்போது தண்ணீர் இல்லை, வெறும் கல். மகன் திரும்பியதைப் பார்த்துவிட்டு, அதே வருடம் மோனிக்கம்மாள் உரோமைக்குப் பக்கத்துத் துறைமுகமான ஒஸ்தியாவில் இறந்துபோனார். 56 வயது. என் அம்மாவுக்கு அறுபத்தொன்று.

அங்கிருந்து அகுஸ்தினார் கல்லறை இருக்கும் பவியாவுக்கு ரயிலில் அரைமணி நேரம். வேர்க்க விறுவிறுக்க நடந்து போனால் கோயில் கதவு பூட்டியிருக்கிறது. மதியம் அடைத்துவிட்டு மூன்று மணிக்குத்தான் திறப்பார்களாம். செங்கல் முகப்பின் ஓரம் கிடைத்த நிழலில் உட்கார்ந்து அம்மாவின் செபமாலையை எடுத்தேன். ஐந்தில் மூன்றாம் தேவ இரகசியத்தைத் தாண்ட முடியவில்லை.

வட ஆப்பிரிக்காவில், கார்த்தேஜில் அகுஸ்தினார் தாயை ஏமாற்றினாரே, அது நினைவுக்கு வந்தது. நண்பனை வழியனுப்பப் போவதாகச் சொல்லிவிட்டு, அந்த அம்மாள் சிப்ரியான் கோயிலில் இரவெல்லாம் செபித்துக்கொண்டிருந்தபோது உரோமைக்குக் கப்பலேறிவிட்டார். ஒளிக்காமல் அவரே எழுதிவைத்தது. எத்தனையோ பிரசங்கத்தில் கேட்டதுதான். அன்று அந்தக் கப்பலில் நானும் நின்றேன்.

ஞாயிறுதோறும் அம்மா போனில் கேட்பாள்: "பூசைக்குப் போனியாய்யா?" "போனேம்மா" என்பேன். கப்பலில் ஏது பூசை? கரையில் இறங்கிய ஞாயிறுகளில் கோயிலைத் தேடிக்கூடப் போனதில்லை. கடைசி வாரம், ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து கேட்டபோதும் அதே பதில். இத்தனைக்கும் குடியை என் வைராக்கியத்தால் விட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டவன் நான். அவளுடைய ஒன்பது வருடக் கண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

கதவு திறந்தது. உள்ளே பத்துப் பேர்கூட இல்லை. பீடத்துக்கு மேலே 14ஆம் நூற்றாண்டின் வெள்ளைப் பளிங்குப் பேழை. நடுவில் அகுஸ்தினார் படுத்திருக்க, அவர் கிடக்கும் துணியைச் சுற்றிலும் சிலைகள் நின்று பிடித்திருக்கின்றன. 430இல் வட ஆப்பிரிக்காவின் ஹிப்போவில் இறந்தவரின் திருப்பண்டத்தை, அதாவது எலும்புகளை, சார்தீனியாத் தீவிலிருந்து மீட்டு இங்கே கொண்டுவந்தவர் லொம்பார்து அரசர் லியுத்பிராந்து. அந்த அரசரின் கல்லறையும் இங்கேதான். கீழ் அறையில் தத்துவ ஞானி போயேத்தியுஸின் கல்லறை இருக்கிறது. அங்கே இறங்கிப் பார்க்கவே தோன்றவில்லை எனக்கு.

திரியை ஏற்றினேன். சொல்ல நினைத்து வந்த செபம் ஒன்றும் வரவில்லை. அகுஸ்தினார் ஞானஸ்நானத்துக்கு முன்பே வேண்டிக்கொண்டது மட்டும் வந்தது: "என்றும் மாறாத இறைவா, நான் என்னை அறியச் செய்யும், உம்மை அறியச் செய்யும்." இவை இரண்டு மன்றாட்டு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். வாசலில் நான் செய்தது ஆத்தும சோதனை என்றால், என் பொய்யை எனக்குக் காட்டியது யார்? நானாகக் கண்டிருந்தால் வெறுப்புதான் வந்திருக்கும். அன்று வந்தது அழுகை. அத்தனை பொய்யும் தெரிந்த ஒருவர் அத்தனை வருடமும் என் உள்ளேயே இருந்திருக்கிறார், ஒரு நாளும் விட்டுப் போகாமல். "நீர் உள்ளே இருந்தீர், நானோ வெளியே இருந்தேன்" என்று அந்தப் புனிதர் அழுததும் இதற்குத்தானே! ஆண்டவரே, உமக்குத் தோத்திரம். மோனிக்கம்மா, உங்களுக்கு நன்றி. அம்மா, உனக்கும்.

எவ்வளவு நேரம் அப்படியே கிடந்தேனோ தெரியாது. நிமிர்ந்தபோது திரி பாதி கரைந்திருந்தது.

என் உடலை எங்கே வேண்டுமானாலும் புதையுங்கள், ஆண்டவருடைய பீடத்தில் என்னை நினைத்துக்கொள்ளுங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு இறந்தவர் மோனிக்கம்மாள். ஊருக்கு வந்த மறுநாள் பாவசங்கீர்த்தனம் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை முதல் பூசையை அம்மா பேரில் ஒப்புக்கொடுத்தேன். முடிந்ததும் நேரே கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். இரவு மழையில் மண் ஈரமாக இருந்தது. உட்கார்ந்து சிலுவையில் கை வைத்தேன்.

"பூசைக்குப் போனேம்மா."