மொத்தச் செலவை யார் தலையில் போடுவது?

திட்ட மதிப்பீட்டு வேலைக்குச் சேர்ந்த புதிதில், வெள்ளத் தடுப்புத் திட்டங்களை வரிசைப்படுத்தச் சொன்னார்கள். கணக்கு எளிதுதான். செலவைக் காப்பாற்றப்படும் வீடுகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். குறைந்த எண் வருவது முதலிடம்.

பட்டியலில் இரண்டு திட்டங்கள் அடுத்தடுத்து இருந்தன. ஒன்று ஆற்றின் கரையை உயர்த்துவது, செலவு 50 என்று வைத்துக்கொள்வோம். மற்றது நீர்த்தேக்கம், செலவு 100. இரண்டாலும் தப்புவது அதே 1,000 வீடுகள். நீர்த்தேக்கத்துக்கு இரண்டு மடங்கு செலவு, ஆகவே கடைசி இடம். பெருமையோடு தாளை நீட்டினேன்.

ஓய்வுபெற இருந்த பொறியாளர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, இந்த நீர்த்தேக்கத்துல குடிநீர், பாசனம் எதுவும் கிடையாதா?"

"உண்டு சார். ஆனா அது நம்ம பத்தியில வராது."

"செலவு மட்டும் முழுசா வந்திருக்கே?"

பதில் சொல்ல வாய் வரவில்லை. பாசனப் பிரிவின் தாளிலும் அதே 100 தான் இருந்திருக்கும், குடிநீர்ப் பிரிவின் தாளிலும் அதேதான். மூன்று வேலை செய்யும் திட்டம், மூன்று இடத்திலும் தோற்றுப்போகும்.

இது பழைய தலைவலி என்று பிறகுதான் தெரிந்தது. 1930களில் அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம், பல பயன் தரும் அணைகளின் செலவை எந்தப் பயனுக்கு எவ்வளவு என்று பிரிப்பதில் இதே சிக்கலோடு மல்லுக்கட்டியது. அந்த வழியில் வந்த ஒரு முறையை அந்தப் பொறியாளர் எனக்கு ஒரு துண்டுத்தாளில் போட்டுக் காட்டினார். வெள்ளத் தடுப்பை நீக்கிவிட்டுக் கட்டினால் செலவு 80. ஆக, வெள்ளத்துக்கென்றே ஆவது 20. பாசனத்தை நீக்கினால் 70, அதற்கென்றே 30. குடிநீரை நீக்கினால் 85, அதற்கென்றே 15. மொத்தம் 65 ஆயிற்று. மிச்சம் 35 யாருக்கும் தனியாகச் சொந்தமில்லாத பொதுச் செலவு. ஒவ்வொரு பயனையும் தனியாக அடைய ஆகும் செலவு, அதன் மதிப்பு, இவற்றில் எது குறைவோ அதில் அந்தப் பயனுக்கென்றே ஆகும் செலவைக் கழித்து, மிஞ்சும் அளவுக்கு ஏற்ப அந்த 35ஐப் பங்கிட வேண்டும். எங்கள் கணக்கில் மூன்றுக்கும் சமமாக விழுந்தது. வெள்ளத் தடுப்பின் பங்கு சுமார் 32 ஆனது. கரையின் 50ஐ விட எவ்வளவோ குறைவு!

சரி, ரகசியம் பிடிபட்டுவிட்டது என்று நினைத்தேன். இல்லை. அந்த 35ஐ வேறு விதமாகவும் பிரிக்கலாம். எந்த விதம் என்பதைக் கணக்கு சொல்லாது, உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த இடத்தில் முடிவை முதலில் வைத்துக்கொண்டு முறையைத் தேடுபவர்களையும் பார்த்திருக்கிறேன். நானும் ஒருமுறை செய்திருக்கிறேன்.

இன்னொரு வழி, மற்ற பயன்களைப் பணமாக்கிச் செலவிலிருந்து கழித்துவிடுவது. நல்ல வழிதான், மிச்சம் சுழிக்குக் கீழே போகாதவரை. ஒருமுறை எக்ஸெலில் இரண்டு திட்டங்களுக்கும் நிகரச் செலவு மைனஸ் 10 என்று வந்தது. ஒன்று 1 வீட்டைக் காக்கும், மற்றது 10 வீட்டை. வகுத்தால் மைனஸ் 10, மைனஸ் 1. குறைந்த எண்ணே மேல் என்ற எங்கள் விதிப்படி ஒரே ஒரு வீட்டைக் காப்பது ஜெயித்தது! அப்புறம், கரையோர நிலத்தின் விலை ஏற்றத்தையும் வெள்ளச் சேதம் குறைவதையும் சேர்த்துக் கூட்டிய தாளும் வந்தது. சேதம் குறைவதால்தான் விலை ஏறுகிறது, ஒரே பயன் இரண்டு தடவை.

இப்போது எந்தத் திட்டத்துக்கும் மூன்று எண்கள் அனுப்புகிறேன். முழுச் செலவை வைத்து ஒன்று, வெள்ளத் தடுப்புக்கென்றே ஆகும் செலவை மட்டும் வைத்து ஒன்று, பங்கிட்டபின் ஒன்று. பணமாக்க முடியாதவை கீழே வார்த்தைகளில். போன கூட்டத்தில் தலைமை வகித்தவர் கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவை எடுத்து, முதல் எண்ணை மட்டும் வட்டம் போட்டார்.