இப்போது விரிக்கிறோமா, சுருக்குகிறோமா?

டிசைன் மீட்டிங்கில் வரும் உரசல்களில் பாதிக்குக் கருத்து வேறுபாடு காரணமே இல்லை. ஒருவர் இன்னும் யோசனைகளை விரித்துக்கொண்டிருக்கிறார், இன்னொருவர் மனதுக்குள் முடிவெடுக்கவே ஆரம்பித்துவிட்டார், ஆனால் இருவரும் ஒரே வேலையைச் செய்வதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

பாஸ்வேர்டை மறந்தவர்களுக்கான திரையைப் பற்றிப் பேசுகிறோம் என்று வையுங்கள். “பாஸ்வேர்டே எதுக்கு, மெயிலுக்கு ஒரு லிங்க் அனுப்பினா போதாதா?” என்கிறார் ஒருவர். அவர் முடிப்பதற்குள் டெவலப்பர், “அதுக்கு லாகின் முழுக்க மாத்தணும், இந்த ரிலீஸ்ல முடியாது” என்கிறார். சொன்னது சரிதான், சொன்ன நேரம்தான் தப்பு. அதற்கப்புறம் பட்டனை இடம் மாற்றலாம், எழுத்தைப் பெரிதாக்கலாம் என்று யாருக்கும் வம்பில்லாத யோசனைகளாகவே வரும். இதற்கு நேர்மாறானவரும் உண்டு. எல்லாம் முடிவாகி ஃபைலை ஒப்படைக்கும் நாளில் “இப்படிப் பண்ணா என்ன?” என்று ஆரம்பிப்பார். அது நல்ல யோசனையாகவும் இருந்து தொலைக்கும்!

யோசனைகளை விரிப்பதை விரிசிந்தனை என்றும், ஒரு முடிவை நோக்கிச் சுருக்குவதைக் குவிசிந்தனை என்றும் பிரித்துக் காட்டியவர் உளவியலாளர் கில்ஃபோர்ட், 1950களில். அதே காலத்தில் பிரபலமான பிரெயின்ஸ்டார்மிங், விமர்சனத்தைத் தள்ளிவைத்துவிட்டுக் கூடி யோசிக்கச் சொன்னது. ஆனால் 1958லேயே யேல் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், கூடி யோசித்த நால்வரைவிடத் தனித்தனியே யோசித்த நால்வரின் பட்டியல்களைச் சேர்த்தபோதுதான் அதிக யோசனைகள் தேறின. ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டும், காத்திருக்கும்போதே கையில் இருந்த யோசனை நழுவிவிடும் என்பது பின்னால் வந்த ஆய்வுகள் சொன்ன முக்கியமான காரணம். அதனால் முதல் பத்து நிமிடம் யாரும் பேசாமல் அவரவர் தாளில் வரைவதுதான் எனக்குப் பிடித்த முறை. கொஞ்சம் பள்ளிக்கூடப் பரீட்சை மாதிரி இருக்கும், பரவாயில்லை.

சுருக்குவதுதான் நிஜமாகவே கஷ்டம். பிடித்த யோசனையின் மேல் புள்ளி ஸ்டிக்கர் ஒட்டி ஓட்டுப் போடச் சொன்னால், முதல் சில புள்ளிகள் விழுந்த இடத்திலேயே மற்றவையும் போய் விழுகின்றன. ஒட்டுவதற்கு முன்பே அளவுகோலைப் பலகையில் எழுதிவிட வேண்டும்: ‘மெயிலைத் திறக்க முடியாதவரும் உள்ளே வர முடிகிறதா?’ என்பதுபோல, ஆமாம் இல்லை என்று பதில் சொல்லக்கூடியதாக. கடைசி முடிவு யாருடையது என்பதையும் அப்போதே சொல்லிவிடுவது நல்லது. விட்டுவிட்ட யோசனைகளை, ஏன் விட்டோம் என்ற ஒரு வரியோடு தனிப் பக்கத்தில் போட்டுவைத்தால் பிடிவாதமும் குறைகிறது. தன் யோசனை காணாமல் போய்விடுமோ என்ற பயத்தில்தான் பலர் மல்லுக்கட்டுகிறார்கள்.

பயனர்களிடம் சோதித்த பிறகு எல்லாவற்றையும் மறுபடி பிரிக்க வேண்டி வரலாம். வரட்டும், யாராவது ஒருவர் “சரி, திரும்பவும் விரிக்கிறோம்” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டால் டெவலப்பர் உட்பட யாரும் கோபப்படுவதில்லை.