நாலாயிரம் போதும் என்றேன்

என்னிடம் வரும் ஓர் அம்மாவின் நடை இலக்கை, நாளுக்கு ஆறாயிரம் அடியிலிருந்து நாலாயிரமாகக் குறைத்தது சரிதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி எழுதப்போவதைப் படித்தால் எனக்கே அதில் நம்பிக்கை இல்லை என்று தோன்றும்.

முழங்கால் தேய்மானத்தோடு வந்தவர். அறுபத்தைந்தைத் தாண்டியவர், சர்க்கரையும் உண்டு. மகன் கழித்துக் கொடுத்த போனில் அடி எண்ணும் செயலியைப் போட்டு, நாளுக்கு ஆறாயிரம் என்று இலக்கு வைத்தது நான்தான். உடம்பின் அசைவை உணர்ந்துதான் போன் அடியை எண்ணும்; அலமாரியில் வைத்துவிட்டு நடந்தால் எண்ணாது. அதனால் வெற்றிலைபாக்கோடு சுருக்குப்பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டார். பயிற்சிக்கு வரும்போதெல்லாம் பையின் வாயைத் தளர்த்தி, சுண்ணாம்பு அப்பிய திரையை முந்தானையால் துடைத்து என்னிடம் நீட்டுவார். ஐயாயிரத்து எண்ணூறு. ஆறாயிரத்து இருநூறு. மதிப்பெண் அட்டையை நீட்டும் பிள்ளையின் முகம் அப்போது அவருக்கு.

பிறகு முழங்கால் வீங்கியது. நடந்ததால் வந்த வலி மறுநாளும் தணியவில்லை என்றால் சுமையைக் குறைக்க வேண்டும். தொட்டுப் பார்த்தேன், சூடாகவும் இருந்தது. நாலாயிரம் போதும் என்றேன். ஆறுதலுக்காகச் சொன்னதில்லை. எல்லோரும் ஓதும் பத்தாயிரம் அடிக் கணக்கே, 1965-இல் ஜப்பானில் ஓர் அடி எண்ணும் கருவியை விற்பதற்காக வைத்த பெயரிலிருந்து வந்ததுதான். 2019-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சராசரி வயது 72 உள்ள பெண்களில் நாளுக்குச் சுமார் 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு, 2,700 அடி நடந்தவர்களைவிட 41 சதவீதம் குறைவாக இருந்தது. 7,500-க்கு மேல் பலன் ஏறவில்லை. நடந்ததால்தான் என்று அடித்துச் சொல்லக்கூடிய ஆய்வில்லை அது. ஆனாலும் நாலாயிரம் சொல்ல எனக்கு அது போதும். மிச்சத்துக்கு, சுருட்டிய துண்டை முழங்காலுக்கு அடியில் வைத்து அழுத்துவது, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுவது. எல்லாம் விளக்கினேன்.

"நாலாயிரம் என்றால் வீட்டு வேலையிலும் மொட்டைமாடியிலுமே முடிந்துவிடுமே, டாக்டரம்மா?" (நான் பிசியோதெரபிஸ்ட், டாக்டர் இல்லை என்று திருத்துவதை எப்போதோ விட்டுவிட்டேன்.)

"நல்லதுதானே அம்மா. ரோட்டுக்கே போக வேண்டாம்."

"அப்புறம் என்ன சொல்லிவிட்டு நான் வெளியே கிளம்புவது?"

தண்டையார்பேட்டையிலிருந்து காசிமேடு வரை நடந்து, மீன் விற்கும் தங்கையின் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்புவாராம். மருமகள் எங்கே என்று கேட்டால், டாக்டரம்மா ஆறாயிரம் கேட்டிருக்கிறார் என்பார். மறுபேச்சு கிடையாது. தங்கையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொன்னால் மட்டும் காய்ச்சாத பாலும், டியூஷனிலிருந்து அழைத்து வரவேண்டிய பேரனும் எல்லோருக்கும் ஞாபகம் வந்துவிடும்.

"ரோட்டில் நடந்தால்தான் கால் சரியாகும் என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள்."

"அப்படி எழுத முடியாது அம்மா. மாடியில் நடந்தாலும் கால் அதே கால்தான்."

அவர் சுருக்குப்பையின் கயிற்றை இழுத்து மூடிவிட்டார். இந்த இடத்துக்குத்தான் திரும்பத் திரும்ப வருகிறேன். பொய்ச் சீட்டு எழுத முடியாது என்பதில் எனக்குக் குழப்பமில்லை. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள், உடைந்த நடைபாதை, மழை பெய்தால் பள்ளம் எது தரை எது என்று தெரியாத தெருக்கள். அந்த வயதில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் எழுந்து நடமாடுவது பெரும்பாடு. சீட்டில் இருப்பது என் கையெழுத்து. ஆனால் அதே ரோட்டில்தானே அவர் ஆறாயிரமும் நடந்தார்? அப்போது எனக்கு லாரி ஞாபகம் வரவில்லை, எண் மட்டும்தான் கண்ணில் பட்டது.

உடன் வேலை செய்பவரிடம் சொன்னேன். "குடும்ப விவகாரத்துக்கெல்லாம் சீட்டு எழுதத் தொடங்கினால் வாசலில் வரிசை நிற்கும்" என்றார். நியாயம்தான். வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தங்கை வீட்டு வழியாக என்று எங்கும் சொல்லவில்லை. அறுபது வயதுக்கு மேல் ஒரு பெண் காரணம் காட்டாமல் வாசல்படி தாண்ட என்ன பயிற்சி கொடுப்பது என்றும் சொல்லவில்லை. அதை நாங்கள் படித்ததுமில்லை.

வீக்கம் வடிந்துவிட்டது. தினமும் நாலாயிரத்துச் சொச்சம், பிசகாமல் வருகிறது. தங்கையைப் பற்றி நான் கேட்பதில்லை, கேட்டால் சீட்டுப் பேச்சு கிளம்பும். கால் தேறினால் இலக்கைப் படிப்படியாக ஏற்ற வேண்டும் என்பதும் விதிதான். அடுத்த முறை ஐயாயிரம் சொல்லலாம். ஐயாயிரம் மொட்டைமாடியில் அடங்குமா, அடங்காதா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். அந்தக் கணக்கை முழங்காலுக்காகப் போடுகிறேனா என்று யாராவது கேட்டால், ஆம் என்றுதான் சொல்வேன்.