அந்த ஒரு மணித்தியாலம்

அக்காவின் மகன் காணாமல் போன இரவைப் பற்றி எழுத எனக்கு ஆறு மாதம் எடுத்தது. பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது. எங்கள் ஊர் எழுவான்கரையில், மட்டக்களப்பு வாவியின் கிழக்குப் பக்கம். பின்னேரம் ரியூசனுக்குப் போனவன் இருட்டியும் வரவில்லை. வாத்தியாரிடம் கேட்டால், "இண்டைக்கு அவன் வரவேயில்லையே" என்றார்.

வாவிக்கரை, கோயிலடி எல்லாம் தேடிவிட்டு ஏழு மணி போலப் பொலிசுக்குப் போனோம். "கூட்டாளிமார் வீட்டில இருப்பான், காலையில வாங்க" என்றார்கள். அக்கா எழும்பவில்லை, அந்த வாங்கிலேயே இருந்துவிட்டாள். புலமைப்பரிசில் பரீட்சைக்கு எடுத்த அவனுடைய படம் கைவியர்வையில் அவள் உள்ளங்கையோடு ஒட்டிப்போயிருந்தது.

ஒரு நாள் பொறுத்துத்தான் முறைப்பாடு எடுக்கலாம் என்று ஒரு சட்டமும் இல்லை. அது எனக்கு அன்றைக்குத் தெரியாது. பக்கத்து வீட்டு ரீச்சர் போனில் சொல்லித்தான் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929க்கு எடுத்தேன். இரவானாலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். அதற்குப் பிறகுதான் சிறுவர், பெண்கள் பிரிவில் இருந்து ஒருவர் வந்து புத்தகத்தைத் திறந்தார். அப்போது மணி பத்தரை.

சிங்களத்தில் எழுதிவிட்டுக் கையெழுத்து வையுங்கள் என்றார். "வாசிச்சுக் காட்டுங்க சேர்" என்று கேட்டேன். வாசிக்கும்போது "கொள" என்று ஒரு சொல் விழுந்தது. எனக்குக் கொஞ்சம் சிங்களம் தெரியும். பிள்ளை போட்டிருந்தது நீலச் சேட்டு, எழுதியிருந்தது பச்சை. வெட்டித் திருத்திய பிறகுதான் அக்கா கையெழுத்து வைத்தாள். முறைப்பாட்டு இலக்கத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டோம்.

அதற்குள் ஊரில் இன்னொரு கதை கிளம்பியிருந்தது. அன்று துணி விற்க வந்த ஒரு தம்பிதான் பிள்ளையைப் பிடித்திருப்பான் என்று யாரோ சொல்ல, அவனைப் பொலிசுக்குக் கொண்டுவந்து இருத்திவிட்டார்கள். 2015இல் கொட்டதெனியாவவில் ஒரு சிறுமியின் கொலைக்காக 17 வயது மாணவன் ஒருவனைக் கைதுசெய்து, மரபணுப் பரிசோதனை அவன் இல்லை என்று காட்டிய பிறகு விட்டதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அந்தத் தம்பியும் விடியும் வரை தலை குனிந்தபடியே இருந்தான். யாரும் அவனுக்கு ஒரு தேத்தண்ணி கொடுக்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. அது இன்னும் மனதைக் குத்துகிறது.

விடியப்புறம் பொலன்னறுவையில் இருந்து அழைப்பு வந்தது. தனியாக நின்ற பிள்ளையைப் புகையிரத நிலையத்தில் ஒரு ஊழியர் கண்டு, பக்கத்தில் இருத்தி வைத்திருந்தார். புள்ளி குறைந்ததற்கு அக்கா ஏசிய கோபத்தில் இரவு ரயில் ஏறியிருக்கிறான்.

இப்போதும் தேத்தண்ணிக் கடையில் இதுதான் பேச்சு. பாதிப் பேர் பொலிசைப் பேசுகிறார்கள், பாதிப் பேர் அக்காவை. நாங்கள் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்குப் பதிவுத் தபாலில் முறையிட்டிருக்கிறோம். பெரியப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "பிள்ளைதான் கிடைச்சிட்டானே மனே, இனி என்னத்துக்கு?" என்கிறார்.

நாங்கள் அந்த வாங்கில் இருந்த முதல் ஒரு மணித்தியாலமும் அவன் மட்டக்களப்பு நிலையத்தில் ரயிலுக்காகக் காத்து நின்றிருக்கிறான், பெரியப்பா. அங்கே ஒரு போன் எடுத்திருந்தால் போதும்.