சிறுமூளையைப் படமெடுக்கப் போன கதை

போன கார்த்திகையில் ஒரு காலை, தலைசுற்றலும் வாந்தியும். முதலில் போன இடத்தில் சிடி ஸ்கேன் எடுத்து, "ஒன்றுமில்லை, காதுப் பிரச்சினை" என்று மாத்திரை தந்து அனுப்பிவிட்டார்கள். சுற்றல் நின்றது. ஆனால் தேத்தண்ணிக் கோப்பையை எடுக்கப் போனால் வலது கை அதைத் தாண்டிப் போய் இடித்தது. வெள்ளவத்தைச் சந்தையில் மிச்சக்காசு எவ்வளவு என்று தெரியாமல் நின்றேன். அதற்கு வயதைக் காரணம் சொல்லிக்கொண்டேன்.

மகள்தான் பிடிவாதமாக ஒரு நரம்பியல் டொக்டரைச் சனல் பண்ணினாள். தன் விரலையும் என் மூக்கையும் மாறி மாறித் தொடச் சொன்னார். இடது கை நேராகப் போனது. வலது கை அவர் விரலை நெருங்க நெருங்க ஆடியது. குதிகாலோடு விரல் ஒட்ட நடந்தபோது மூன்றாம் அடியில் மேசையைப் பிடித்தேன். அப்புறம், "ஒரு நிமிஷத்துக்கு 'க'வில தொடங்குற சொல்லெல்லாம் சொல்லுங்கோ அம்மா" என்றார். கத்தரிக்காய், கடல், கதவு. அதோடு சரி. முப்பது வருடம் தமிழ் படிப்பித்தவள் நான். தடுமாறி நடந்ததைவிட இதுதான் வெட்கமாக இருந்தது.

எம்ஆர்ஐ அன்று தோடு, சேலை ஊசி, தாலிக்கொடி எல்லாம் மகளின் கைப்பைக்குள் போயின. முகத்துக்கு மேல் ஒரு கூடு, காதில் பஞ்சு. "ஒளுவ ஹொல்லன்ன எப்பா, அம்மே" என்று ஒரு பொடியன் குரல், தலையை ஆட்டக்கூடாதாம். பிறகு தகரத்தில் சுத்தியலால் அடிப்பது போல அரைமணி நேரம். கை ஆடிப் படம் கெட்டுவிடுமோ என்று பயந்தேன். சும்மா கிடந்தால் அது ஆடாது, எதையாவது எட்டினால்தான் ஆடும்.

படத்தில் வெள்ளையாய் ஒரு சின்னத் திட்டு. "இடப்பக்கம் இருக்குதே?" என்றேன். படத்தில் இடம் வலம் மாறித்தான் தெரியும், அது வலது சிறுமூளை என்றார் டொக்டர். பாரிசவாதமாம். வாய் கோணாமல் அப்படி ஒன்று வரும் என்று எனக்குத் தெரியாது. பின்மண்டை எலும்பு தடிப்பு என்பதால் அந்த இடம் சிடியில் சரியாகத் தெரிவதில்லையாம். வலது சிறுமூளை வலது கையைப் பார்க்கிறது. அதேநேரம், பேச்சைப் பார்க்கும் இடது பெருமூளையோடு குறுக்கே தொடர்பும் வைத்திருக்கிறது. கோப்பையும் 'க'வும் ஒரே இடத்துச் சேதம். மூளையின் எடையில் பத்தில் ஒரு பங்குதான் சிறுமூளை முழுவதும், ஆனால் நரம்பணுக்களில் ஐந்தில் நான்கு பங்கு அங்கேதான் என்றும் சொன்னார்.

இப்போது கைப்பயிற்சியோடு சொற்பயிற்சியும். நேற்று 'ம'வில் பதினொன்று வந்தது. மூஞ்சூறைச் சேர்க்கப் பேரன் விடவில்லை, அது 'மூ'வாம்.