சித்திரை வெயிலும் தாடிப் பாசியும்

ஏப்ரல் பிறந்தால் போதும், மீன் தொட்டிக்குள் செடி வளர்க்கும் நண்பர்களிடமிருந்து வாட்ஸப்பில் ஒரே மாதிரிப் படம் வர ஆரம்பித்துவிடும். அனுபியாஸ் என்கிற நீர்ச்செடியின் இலை விளிம்பு நெடுக, அரை சென்டிமீட்டர் உயரத்துக்குக் கறுப்பு முடி. "அண்ணே, இதுக்கு என்ன மருந்து ஊத்தணும்?" என்று கீழே ஒரு வரி. பிளாக் பியர்ட் ஆல்கே, நம்ம பேச்சில் தாடிப் பாசி. சுரண்டினால் இலைதான் கிழியும், பாசி அசையாது.

மருந்து இருக்கட்டும், முதலில் தண்ணீரில் கையை வை என்பேன். பெரம்பூரில் என் வீடு மேற்குப் பார்த்த மாடி. மே மாத மத்தியானத்தில் தொட்டி 32 டிகிரியைத் தாண்டிவிடும். சூடேறிய தண்ணீரில் ஆக்சிஜனும் தங்காது, கார்பன் டை ஆக்சைடும் தங்காது. மீந்த தீனியும் உதிர்ந்த இலையும் சீக்கிரம் அழுகும். செடி அப்படித் தளரும்போதுதான் பாசி இடம் பிடிக்கிறது. அதிலும் கார்பன் டை ஆக்சைடு இன்றைக்கு அதிகம், நாளைக்குக் குறைவு என்று ஏறி இறங்கினால் தாடிப் பாசிக்குக் கொண்டாட்டம். மெதுவாக வளரும் செடிகளின் பழைய இலையில்தான் முதலில் உட்காரும்.

டைமர் வைத்து லைட்டை 6 மணி நேரத்துக்குக் குறைத்துவிடுவேன். மூடியை எடுத்துவிட்டுச் சின்ன ஃபேன் ஒன்றைத் தண்ணீரின் மேல்பரப்பில் காற்று படும்படி வைப்பேன். இரண்டு மூன்று டிகிரி இறங்கும், புழுக்கமான நாளில் அவ்வளவு இறங்காது. ஆனால் ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே நின்றுவிடும். குறைந்த அளவுக்கு லாரித் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, ஏறிக்கொண்டே போகும். அதற்கு ஆர்ஓ தண்ணீர்தான் சரி. "குடிக்கிற தண்ணிய மீனுக்கு ஊத்துறியேடா" என்று அம்மா வருத்தப்படுவார். அப்படியானால் ஆர்ஓ மெஷினின் கழிவுத் தண்ணீரை ஊற்றலாமே என்று சிலர் கேட்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். வடிகட்டின உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

இவ்வளவுக்கும் பிறகுதான் மருந்து. மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடே போதும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: வெளிநாட்டு வீடியோக்களில் சொல்லும் அளவு 3 சதவீதக் கரைசலுக்கு. நம் கடைகளில் வரும் பாட்டிலில் பெரும்பாலும் '20 வால்யூம்' என்றிருக்கும், அது சுமார் 6 சதவீதம். சம அளவு தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். அப்படிக் கலந்ததில் 10 லிட்டர் தொட்டித் தண்ணீருக்கு 2 மில்லிக்கு மேல் நான் போவதில்லை. ஃபில்டரை நிறுத்தி, தண்ணீர் அசங்காமல் நின்றதும், ஊசி இல்லாத சிரிஞ்சால் பாசியின் மேலேயே மெல்ல விடவேண்டும். முடிக்கற்றைக்குள்ளிருந்து பொடிப்பொடியாகக் குமிழ் கிளம்பும். பத்து நிமிஷம் கழித்து ஃபில்டரைப் போட்டுவிடலாம். ஓரிரு நாளில் கறுப்பு மங்கி, இளஞ்சிவப்பாகி, வெளுத்துவிடும். அந்தச் செத்த பாசியை இறால்கள் ஓடிவந்து பிய்த்துத் தின்பதைப் பார்க்க எனக்கு அலுப்பதே இல்லை. மரக்கட்டையில் கட்டிய அனுபியாஸ் என்றால் இன்னும் சுலபம். வெளியே எடுத்து, பெராக்சைடைப் பிரஷ்ஷால் தடவி, கழுவித் திரும்ப வைத்துவிடலாம். பாசிச்செடி, அதாவது மாஸ் இருக்கும் பக்கம் மட்டும் பெராக்சைடைக் கொண்டு போகாதீர்கள், தாங்காது.

பாசி தின்னும் மீன் வாங்கலாமா? வாங்கலாம், ஆனால் பார்த்து வாங்குங்கள். தாடிப் பாசியைத் தின்பது சயாமீஸ் ஆல்ஜி ஈட்டர். உடம்பின் கறுப்புக் கோடு வால் துடுப்பின் நுனிவரை ஓடும். அதே பெயரைச் சொல்லி சைனீஸ் ஆல்ஜி ஈட்டரையும் கொடுத்துவிடுகிறார்கள். அது வளர வளரப் பாசியை விட்டுவிட்டு மற்ற மீன்களை விரட்ட ஆரம்பிக்கும்.

சக்கர் மீன் இதற்கு உதவவே உதவாது. கையளவில் வாங்குவது ஓரடிக்கு மேல் வளர்கிறது. தொட்டி போதவில்லை என்று கொண்டுபோய் ஏரியில் விடுகிறார்கள். அது அங்கே பெருகி, வலை போடுகிறவர்களின் வலையைக் கிழித்து, நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. இதை நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது. வீட்டில் வளர்ந்துவிட்ட சக்கர் இருந்தால் கொளத்தூர் வளர்ப்பு மீன் கடைகளில் கேட்டுப் பாருங்கள், எடுத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள்.