கோப்பையை எண்ணுவதா, ஆட்டத்தை எடைபோடுவதா?

கால்பந்தில் எல்லாக் காலத்துக்கும் சிறந்த தேசிய அணி எது? கோப்பையை மட்டும் எண்ணினால் 5 உலகக் கோப்பை வென்ற பிரேசில்தான், பேச்சே இல்லை. ஆனால் ஒரு நாட்டின் மொத்த வரலாறு வேறு, ஒரு குறிப்பிட்ட அணி வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் பாதிச் சண்டையே.

1970 உலகக் கோப்பை பிரேசில்: 6 ஆட்டம், 6 வெற்றி, 19 கோல். வாங்கியது 7, இங்கிலாந்து மட்டும்தான் அவர்களிடம் கோல் போடவில்லை. தடுப்பு அவ்வளவு இறுக்கமில்லை, ஆனால் அது அவர்களுக்குத் தேவைப்படவும் இல்லை.

ஸ்பெயின் நேர் எதிர். யூரோ (ஐரோப்பிய நாடுகளின் கோப்பை) 2008, உலகக் கோப்பை 2010, யூரோ 2012 மூன்றிலும் சேர்த்து 10 நாக்-அவுட் ஆட்டங்கள் (தோற்றால் வெளியேற வேண்டியவை); ஒரு கோல்கூட வாங்கவில்லை. 2010இல் நாக்-அவுட் ஆட்டங்கள் நான்கையும் 1-0 என்றே வென்றார்கள். (சலிப்பு என்பவர்கள் 2012 இறுதியின் 4-0ஐ மறுபடி பார்க்கலாம்.)

என் ஓட்டு 1950களின் ஹங்கேரிக்கு. சென்டர் ஃபார்வர்டு (முன்வரிசையின் நடுவில் நிற்பவர்) ஹிடெக்குட்டி பின்னால் இறங்கி ஆடுவார். தடுப்பாளர் கூடவே போனால் நடுவில் ஓட்டை, அங்கே சக முன்வரிசை வீரர்கள் புஷ்காஷும் கோச்சிஷும் புகுந்துவிடுவார்கள். போகாவிட்டால் ஹிடெக்குட்டிக்குத் தாராளமாக இடம். 1953இல் லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் இங்கிலாந்தை 6-3 என்று வென்றார்கள், அதில் ஹிடெக்குட்டிக்கு மட்டும் 3. 1954 உலகக் கோப்பையில் 5 ஆட்டத்தில் 27 கோல். முதல் சுற்றில் 8-3 என்று நொறுக்கிய மேற்கு ஜெர்மனியிடமே இறுதியில் 2-0 முன்னிலையிலிருந்து 3-2 தோல்வி. அந்த 8-3 ஆட்டத்தில் கணுக்காலில் அடிபட்ட புஷ்காஷ், முழுதாகத் தேறாமலே இறுதியில் இறங்கினார். அப்போது மாற்று வீரர் விதியும் கிடையாது.